லீஸில் கையெழுத்துப் போடும் முன்: கலிஃபோர்னியா மிடில் ஸ்கூலின் மதிப்பெண்ணையும் மாணவர் விவரத்தையும் படிப்பது எப்படி

வேலை மாறி சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதிக்கு வருகிற குடும்பம் முதலில் திறப்பது வாடகை வீட்டு ஆப்பைத்தான். வீட்டுப் படத்துக்குக் கீழே பள்ளியின் பெயர், பக்கத்தில் 10-க்கு இத்தனை என்று ஓர் எண். 9 என்றால் வாடகை எகிறும், 5 என்றால் இறங்கும். இந்த எண்ணைத் தருவது கிரேட்ஸ்கூல்ஸ் என்ற தனியார் அமைப்பு, அரசு அல்ல. தேர்வு மதிப்பெண் அதில் கணிசமான பங்கு வகிப்பதால், பள்ளிக்குள் என்ன கற்பிக்கிறார்கள் என்பதைவிட அக்கம்பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பதையே அது அதிகம் காட்டுகிறது.

அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கிற விவரம் முழுவதையும் மாநில அரசே இலவசமாக வெளியிடுகிறது. படிக்கத் தெரிந்தால் இரண்டு மாலைப் பொழுது போதும். 6 முதல் 8-ம் வகுப்பு வரை சேர்க்க வேண்டிய பிள்ளையோடு வருகிறவர்களுக்கான வழிமுறை இது.

1. முகவரியை முதலில் உறுதி செய்யுங்கள்

இங்கே ஊர்ப் பெயரும் பள்ளி மாவட்டமும், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகமும், ஒன்றல்ல. சன்னிவேல் என்று முகவரி எழுதும் வீடு சன்னிவேல் பள்ளி மாவட்டத்திலும் இருக்கலாம், குபர்டினோ யூனியனிலும் இருக்கலாம், சான்டா கிளாரா யூனிஃபைடிலும் இருக்கலாம். எதிரெதிர் வரிசை வீடுகள்கூட வேறு வேறு மாவட்டமாக அமைவதுண்டு. பெயரிலும் ஏமாறலாம்: ஃப்ரீமான்ட் யூனியன் உயர்நிலைப் பள்ளி மாவட்டம் ஃப்ரீமான்ட் நகரத்தில் இல்லை, குபர்டினோ, சன்னிவேல் பக்கம் இருக்கிறது.

"யூனிஃபைடு" என்று பெயரில் இருந்தால் கேஜி முதல் 12 வரை ஒரே நிர்வாகம். இல்லையென்றால் 8-ம் வகுப்போடு ஒரு மாவட்டம் முடிந்து, 9-ல் வேறொரு மாவட்டம் தொடங்கும். மிடில் ஸ்கூலுக்காக வீடு பிடித்தவர்கள் மூன்றே ஆண்டில் மறுபடி வீடு தேடுவது இதைக் கவனிக்காததால்தான்.

செய்ய வேண்டியது இது. பள்ளி மாவட்டத்தின் சொந்தத் தளத்தில் முகவரி தேடும் பகுதி இருக்கும். வீட்டு எண், தெருப் பெயரோடு அங்கே போட்டுப் பாருங்கள். வாடகை ஆப் காட்டும் பள்ளிப் பெயரை நம்ப வேண்டாம்; எல்லைக் கோடுகள் மாறும்போது ஆப்கள் பின்தங்கிவிடும். பிறகு மாவட்டச் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல்: "இந்த முகவரிக்கு 7-ம் வகுப்பில் இப்போது இடம் இருக்கிறதா, இல்லையென்றால் எந்தப் பள்ளிக்கு அனுப்புவீர்கள்?" நெரிசலான மாவட்டங்களில், எல்லைக்குள் வீடு இருந்தாலும் அந்தப் பள்ளி நிரம்பியிருந்தால் அதே மாவட்டத்தின் வேறொரு பள்ளிக்குத் தள்ளிவிடுவார்கள். பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2. எந்த மாதம் எது வெளியாகும்

மாநிலத் தேர்வின் பெயர் காஸ்ப். அதில் ஆங்கிலம், கணிதம் இரண்டும் 3 முதல் 8-ம் வகுப்பு வரையிலும் 11-லும் ஒவ்வோர் ஆண்டும் நடக்கும். நடுநிலை வகுப்புகளில் அறிவியல் தேர்வு 8-ல் மட்டும். வசந்த காலத்தில் எழுதுகிற தேர்வின் பள்ளிவாரி முடிவு பெரும்பாலும் அக்டோபர் வாக்கில் வெளியாகும். ஒவ்வொரு பள்ளியின் நிலையையும் நிறங்களில் காட்டும் மாநிலத் தளமான டாஷ்போர்டு நவம்பர்–டிசம்பரில். பள்ளிப் பொறுப்பறிக்கை, அதாவது சார்க், பிப்ரவரி 1-க்குள் பள்ளித் தளத்தில் இருந்தாக வேண்டும். மாணவர் எண்ணிக்கை அக்டோபரின் முதல் புதன்கிழமை அன்று எடுத்த கணக்கு.

ஆகவே ஜூன், ஜூலையில் வீடு தேடுகிறவர் பார்ப்பது முந்தைய ஆண்டுத் தேர்வைத்தான். அடுத்த கல்வியாண்டுக்கான சேர்க்கைப் பதிவு பல மாவட்டங்களில் ஜனவரி–மார்ச்சிலேயே திறந்துவிடும். வகுப்புகள் ஆகஸ்ட் நடுவில் தொடங்கும்.

3. மதிப்பெண்ணைப் படிக்கும் முறை

காஸ்ப் முடிவில் நான்கு படிகள் உண்டு. மேல் இரண்டு படிகளில் இருப்பவர்களைச் சேர்த்து "இத்தனை சதவீதம் தேர்ச்சித் தரத்தை எட்டினர்" என்பார்கள். இந்தச் சதவீதத்தில் ஒரு குறை இருக்கிறது. 7-ம் வகுப்புக் கணிதத்தில் தேர்ச்சிக் கோடு 2567. 2566 எடுத்த பிள்ளையும் 2400 எடுத்த பிள்ளையும் கோட்டுக்குக் கீழே ஒன்றுபோலவே எண்ணப்படுவார்கள்.

அதனால் டாஷ்போர்டில் "தரத்திலிருந்து தூரம்" என்ற எண்ணைப் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வகுப்புக் கோட்டிலிருந்து எத்தனை புள்ளி மேலே, கீழே என்று கணக்கிட்டு எடுத்த சராசரி அது. +40 என்றால் சராசரிப் பிள்ளை கோட்டைத் தாண்டி 40 புள்ளியில் நிற்கிறது என்று பொருள். அளவு புரிய ஒரு குறிப்பு: கணிதக் கோடு 6-ல் 2552, 7-ல் 2567, 8-ல் 2586. ஓர் ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் இடையில் கோடு உயர்வதே 15, 19 புள்ளிதான். ஆகவே இரண்டு பள்ளிகளுக்கு இடையே 5 புள்ளி வித்தியாசத்துக்கு வாடகை கூடுதலாகக் கொடுப்பது வீண். 50 புள்ளி என்றால் அது வேறு கதை.

அடுத்தது, மொத்த எண்ணை விட்டுவிட்டுக் குழுவாரி எண்ணுக்குப் போங்கள். இந்தக் கட்டுரையில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். கணக்குப் புரிவதற்காக ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. இரண்டு பள்ளிகள், இரண்டிலும் 1000 பேர்.

முதல் பள்ளியில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் 800, அவர்களில் 78% தேர்ச்சி. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் 200, அவர்களில் 35%. ஆக 624 + 70 = 694 பேர், ஏறத்தாழ 69%.

இரண்டாம் பள்ளியில் வசதியானவர்கள் 400, அவர்களில் 80%. வசதி குறைந்தவர்கள் 600, அவர்களில் 42%. ஆக 320 + 252 = 572 பேர், 57%.

ஆப்பில் முதல் பள்ளிதான் உயர்ந்து தெரியும். ஆனால் எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் இரண்டாம் பள்ளியில்தான் தேர்ச்சி விகிதம் அதிகம். அந்த 12 சதவீத வித்தியாசம் முழுக்க முழுக்க யார் எத்தனை பேர் என்பதால் வந்தது.

உங்கள் பிள்ளையைப் போன்ற பிள்ளைகள் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க காஸ்ப் தளத்தில் ஒரு நல்ல வசதி இருக்கிறது: பெற்றோரின் படிப்பு வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். உயர்நிலைப் பள்ளி முடிக்காதவர், முடித்தவர், கொஞ்சம் கல்லூரி படித்தவர், பட்டதாரி, முதுநிலைப் பட்டதாரி என ஐந்து பிரிவுகள். ஹெச்-1பி விசாவில் வரும் குடும்பங்கள் பெரும்பாலும் கடைசி இரண்டில் அடங்கும். நீங்கள் ஒப்பிடும் பள்ளிகளில் அதே பிரிவை மட்டும் எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். ஆப்பில் 9-ம் 6-மாகத் தெரிந்த பள்ளிகள் இந்தத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்பதைப் பலமுறை காணலாம்.

மூன்றாவது, ஒரே வகுப்புக் கூட்டத்தைத் தொடர்ந்து பாருங்கள். டாஷ்போர்டு எல்லா வகுப்பையும் கலந்துவிடும். காஸ்ப் தளம் வகுப்புவாரியாகத் தரும். 2023-ல் 6-ம் வகுப்பு, 2024-ல் 7, 2025-ல் 8 என்று சாய்வாக எடுத்தால் ஏறத்தாழ அதே பிள்ளைகள். 6-ல் இருந்த இடத்தைவிட 8-ல் கோட்டிலிருந்து மேலே போயிருந்தால் பள்ளி ஏதோ சரியாகச் செய்கிறது. 6-ல் உயர்ந்து 8-ல் சரிந்திருந்தால் அந்த நல்ல பெயர் தொடக்கப் பள்ளி சம்பாதித்துக் கொடுத்தது. 2022-க்கு முன்னால் போக வேண்டாம். 2020-ல் தேர்வு நடக்கவில்லை, 2021-ல் எல்லாப் பள்ளிகளும் ஒரே மாதிரி நடத்தவில்லை.

வழுக்கும் இடங்கள் சில:

எழுதியவர் விகிதம். பெற்றோர் எழுத்தில் கேட்டால் பிள்ளைக்குத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. 95 சதவீதத்துக்குக் கீழே போனால், குறைகிற எண்ணிக்கைக்கு மிகக் குறைந்த மதிப்பெண்ணைப் போட்டு டாஷ்போர்டு சராசரி எடுக்கும். திடீரென்று சரிந்த பள்ளி என்றால் முதலில் இந்த விகிதத்தைப் பாருங்கள்.

சின்னக் குழு. 11 பேருக்குக் குறைந்த குழுவின் முடிவை வெளியிட மாட்டார்கள். 11 முதல் 29 வரை எண் மட்டும் வரும், நிறம் வராது. 30 பேர் இருந்தால்தான் நிறம். 32 பேர் கொண்ட குழுவில் நாலு பிள்ளைகள் மாறினாலே சராசரி ஆடிப்போகும். ஓர் ஆண்டு எண்ணை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

ஆங்கிலம் கற்போர் குழு. வீட்டில் வேறு மொழி பேசி, ஆங்கிலத்தில் இன்னும் உதவி தேவைப்படும் பிள்ளைகளின் பட்டியல் இது. அந்தப் பட்டியலிலிருந்து தேர்ந்து வெளியேறிய பிள்ளைகளையும் 4 ஆண்டு வரை டாஷ்போர்டு அதே குழுவின் மதிப்பெண்ணில் சேர்த்துக்கொள்ளும். அதனால் எண் இருப்பதைவிட நன்றாகத் தெரியும்.

4. நிறங்கள்

சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம். கீழிருந்து மேல். நிறம் என்பது இந்த ஆண்டு நிலை, போன ஆண்டிலிருந்து வந்த மாற்றம் இரண்டையும் சேர்த்தது. நடுத்தரத்தில் இருந்து சரிந்துகொண்டிருக்கும் பள்ளியும் மஞ்சள், தாழ்ந்த நிலையிலிருந்து ஏறிவரும் பள்ளியும் மஞ்சளாக இருக்கலாம். நிறத்தைச் சொடுக்கி உள்ளே இருக்கும் இரண்டு எண்களைப் பார்க்காமல் நகராதீர்கள்.

மதிப்பெண்ணுக்கு அப்பால் மிடில் ஸ்கூலுக்கு முக்கியமான இரண்டு கட்டங்கள்: நெடுநாள் வராமை, இடைநீக்கம். பதிவான பள்ளி நாட்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வராத பிள்ளைகள் எத்தனை பேர் என்பது முதலாவது. 12, 13 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி பிடித்திருக்கிறதா என்பதை எந்தத் தேர்வு எண்ணையும்விட இது நேராகச் சொல்லும். இடைநீக்க விகிதத்தைக் குழுவாரியாகப் பாருங்கள். மொத்தம் குறைவாக இருந்து ஒரே ஓர் இனத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பல மடங்காக இருந்தால், பள்ளியைப் பார்க்கப் போகும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவே.

5. மாணவர் விவரம்: டேட்டாகுவெஸ்ட்

கல்வித் துறையின் டேட்டாகுவெஸ்ட் தளத்தில் பள்ளியைத் தேர்ந்து இன வாரி எண்ணிக்கை, பொருளாதாரத்தில் பின்தங்கியோர், ஆங்கிலம் கற்போர், மாற்றுத்திறனாளிகள் ஆகியவற்றை எடுங்கள்.

இனப் பிரிவில் "ஆசியர்" என்ற ஒரே கட்டத்துக்குள் இந்தியரும் சீனரும் வியட்நாமியரும் கொரியரும் அடக்கம். பிலிப்பினோக்களுக்கு மட்டும் தனிக் கட்டம். "60% ஆசியர்" என்றால் பக்கத்தில் தமிழ்ப் பிள்ளைகள் இருப்பார்கள் என்று எண்ணிக்கொள்ள முடியாது. அதைத் தெரிந்துகொள்ள மொழிவாரி அறிக்கை இருக்கிறது. அதில் தமிழுக்குத் தனி வரி உண்டு. சேர்க்கையின்போது வீட்டில் ஆங்கிலம் என்று எழுதிய குடும்பங்கள் இதில் வராது. ஆகவே உண்மையான எண்ணிக்கை இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

பொருளாதாரத்தில் பின்தங்கியோர் என்பதற்கு வருமானம் மட்டும் அளவுகோல் அல்ல. இலவச அல்லது சலுகை விலை உணவுக்குத் தகுதி பெற்ற பிள்ளைகளோடு, பெற்றோர் இருவருமே உயர்நிலைப் பள்ளி முடிக்காத பிள்ளைகளும் சேர்வார்கள். இந்தச் சதவீதம் அதிகம் என்பதால் பள்ளி மோசம் என்று முடிவு கட்டுவதுதான் நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு. குறைந்த வருமானம், ஆங்கிலம் கற்போர், வளர்ப்பு இல்லப் பிள்ளைகள் அதிகமுள்ள மாவட்டத்துக்கு மாநிலம் கூடுதல் நிதி தருகிறது; அந்தப் பணத்தில் கூடுதல் ஆலோசகர், மாலை நேரப் பாட உதவி, கோடை வகுப்பு எல்லாம் நடப்பதுண்டு. என்னென்ன நடக்கிறது என்று பள்ளியைக் கேளுங்கள்.

ஐந்து ஆண்டு மொத்த எண்ணிக்கையையும் ஒருமுறை எழுதிப் பாருங்கள். தொடர்ந்து இறங்கினால் விருப்பப் பாடங்கள் குறையும், பள்ளி இணைப்புப் பேச்சு எழும்.

6. எண்களில் தெரியாத கணிதப் பாதை

8-ம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 எடுத்தால் 9-ல் ஜியாமெட்ரி, 10-ல் அல்ஜீப்ரா 2, 11-ல் பிரீகால்குலஸ், 12-ல் கால்குலஸ். அல்ஜீப்ரா 9-ல் தொடங்கினால், இடையில் இரட்டிப்பாகவோ கோடையிலோ படிக்காமல் கால்குலஸ் எட்டாது. இந்தப் பாதை இருக்கிறதா என்பதை மதிப்பெண் காட்டாது. அல்ஜீப்ரா படிக்கும் பிள்ளையும் எழுதுவது 8-ம் வகுப்புக் காஸ்ப் தேர்வுதான்.

கேட்க வேண்டியவை: பாடத்தை வேகமாக முடித்து முன்னேறும் முடுக்கக் கணித வகுப்பு உண்டா, நடுவில் சேரும் பிள்ளைக்கு நிலை அறியும் தேர்வு எப்போது, தவறினால் மறுபடி எழுதலாமா. இந்தியாவில் ஆறாவது முடித்து வரும் பிள்ளைக்குக் கணக்குப் போடுவது கை வந்த கலை. "ஏன் இப்படிச் செய்தாய், விளக்கு" என்ற வகைக் கேள்வியில்தான் தடுமாறும். சேர்ந்த முதல் இரண்டு வாரத்துக்குள் தேர்வு கேளுங்கள். வகுப்புகள் நிரம்பிய பிறகு மாற்றுவது கடினம்.

7. ஆவணங்கள்

முகவரிச் சான்று: வாடகை ஒப்பந்தம், மின்சாரம் அல்லது தண்ணீர் பில், சம்பளச் சீட்டு, அரசுத் துறைக் கடிதம். மாவட்டம் இரண்டு மூன்று கேட்கும். முதல் பில் வர ஒரு மாதம் ஆகும் என்பதால், இணைப்புத் தொடங்கியதற்கான உறுதிக் கடிதத்தை மின் நிறுவனத்திடம் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். நண்பர் வீட்டில் தங்கியிருந்தால் வீட்டுக்காரர் கையெழுத்திடும் உறுதிமொழிப் படிவம் உண்டு. தெரிந்தவர் முகவரியைப் பொய்யாகக் கொடுக்காதீர்கள். வீடு தேடி வந்து சரிபார்ப்பார்கள், நடுக் கல்வியாண்டில் பிள்ளையை வெளியேற்றவும் செய்வார்கள்.

வயதுச் சான்று: பிறப்புச் சான்றிதழ் அல்லது பாஸ்போர்ட். விசா நிலையையோ சோஷியல் செக்யூரிட்டி எண்ணையோ சேர்க்கைக்கு நிபந்தனையாகக் கேட்கக் கூடாது. டிசி கட்டாயமில்லை, கடைசி இரண்டு ஆண்டு மதிப்பெண் அட்டை இருந்தால் வகுப்பு ஒதுக்க உதவும்.

தடுப்பூசி அட்டைதான் அதிகம் தடுக்கி விழுகிற இடம். போலியோ 4, டிப்தீரியா–டெட்டனஸ்–கக்குவான் 5, ஹெபடைடிஸ் பி 3, எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) 2, சின்னம்மை 2. 4 வயது முடிந்த பிறகு ஒரு டோஸ் போட்டிருந்தால் போலியோவில் 3, கக்குவான் வரிசையில் 4 போதும். 7-ம் வகுப்புக்கு டிடாப் என்ற டெட்டனஸ்–டிப்தீரியா–கக்குவான் ஊக்கத் தடுப்பூசி ஒரு டோஸ், 7 வயது நிறைந்த பிறகு போட்டது, தனியாக வேண்டும். இந்திய அரசுத் திட்டத்தில் போடுவது எம்ஆர். அதில் பொன்னுக்கு வீங்கிக்கான பகுதி இல்லை. சின்னம்மை அந்தத் திட்டத்திலேயே இல்லை. ஊரில் தனியார் மருத்துவமனையில் எம்எம்ஆர், சின்னம்மை இரண்டையும் ஒரே நாளில் போட்டுக்கொள்ளலாம். வேறு வேறு நாளில் போட்டால் 28 நாள் இடைவெளி வேண்டும். முதல் டோஸ் போட்டு அடுத்ததற்கு நாள் வராத நிலையில் நிபந்தனையோடு சேர்த்துக்கொள்வார்கள். அட்டையில் தேதி, மாதம், ஆண்டு மூன்றும் தெளிவாக இருக்கட்டும். 05/08 என்பதை இங்கே மே 8 என்று படிப்பார்கள், அதனால் மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள்.

சான்டா கிளாரா போன்ற கவுன்டிகளில் காசநோய் ஆபத்து மதிப்பீட்டுப் படிவமும் வேண்டும். பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட பிள்ளைக்குத் தோல் பரிசோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும். ரத்தப் பரிசோதனை கேளுங்கள். எம்எம்ஆர் போட்ட அன்றே இதைச் செய்யுங்கள், இல்லையேல் 4 வாரம் கழித்து.

8. வீட்டு மொழிப் படிவம்

நாலு கேள்விகள்: பிள்ளை முதலில் பேசிய மொழி, வீட்டில் பிள்ளை அதிகம் பேசும் மொழி, நீங்கள் பிள்ளையிடம் அதிகம் பேசும் மொழி, வீட்டுப் பெரியவர்கள் பேசும் மொழி. முதல் மூன்றில் எதற்காவது தமிழ் என்று எழுதினால் 30 நாட்களுக்குள் எல்பாக் என்ற ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். தேறினால் விஷயம் முடிந்தது. ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் பலர் முதல் முறையே தேறிவிடுவார்கள்.

தேறாவிட்டால் ஆங்கில மேம்பாட்டு வகுப்பு. மிடில் ஸ்கூலில் அது பெரும்பாலும் ஒரு விருப்பப் பாடத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பட்டியலிலிருந்து வெளியேற, பிப்ரவரி முதல் மே வரை நடக்கும் ஆண்டு எல்பாக்கில் மொத்தத்தில் 4-ம் நிலையும், அதோடு ஆசிரியர் மதிப்பீடு, பெற்றோர் கலந்தாய்வு, அடிப்படைத் திறன் ஒப்பீடு ஆகியவையும் வேண்டும். இதற்குப் பயந்து தமிழை மறைக்க வேண்டாம். பிள்ளைக்கு உண்மையில் உதவி தேவையென்றால் அதைப் பெறும் வழியை நீங்களே அடைத்துவிடுவீர்கள். தவறாக எழுதிவிட்டால் முதல் எல்பாக் நடக்கும் முன்னரே திருத்தக் கேட்கலாம். அமெரிக்கப் பள்ளியில் 12 மாதம் நிறையாத, ஆங்கிலம் கற்போர் பட்டியலில் உள்ள பிள்ளைக்குக் காஸ்ப் ஆங்கிலத் தேர்வில் விலக்கு உண்டு, கணிதத்துக்கு இல்லை.

9. செலவு

கல்விக் கட்டணம் இல்லை. 2022–23 முதல் காலை, மதிய உணவு எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம். ஆகஸ்டில் பெற்றோர் சங்கமும் பள்ளி அறக்கட்டளையும் "ஒரு பிள்ளைக்கு இத்தனை டாலர்" என்று அனுப்பும் கடிதம் கட்டணச் சீட்டுப் போலவே இருக்கும்; அது நன்கொடை, கட்டாயமில்லை. பணம் கட்டாததால் சுற்றுலாவிலிருந்தோ வகுப்பிலிருந்தோ பிள்ளையை ஒதுக்கக் கூடாது. உண்மையான செலவு தடுப்பூசி, லேப்டாப் சேதக் காப்பீடு, பேருந்து. பல மிடில் ஸ்கூல்களுக்குப் பள்ளிப் பேருந்தே கிடையாது. பள்ளி மணி காலை 8-க்கு முன் அடிக்காது. வேலைக்கு முன் இறக்கிவிட முடியுமா என்பதை லீஸ் போடும் முன்னரே கணக்கிடுங்கள்.

10. ஊருக்குப் போகும்போது

கல்வியாண்டு 180 நாள். 18 நாள் வராவிட்டால் நெடுநாள் வராதோர் கணக்கில் பிள்ளை சேரும். காரணம் சொன்ன விடுப்பும் இதில் சேர்த்தி. முன் அனுமதியில்லாமல் மூன்று நாள் முழுதாக வராவிட்டாலே எச்சரிக்கைக் கடிதம் வரும். டிசம்பர் விடுமுறையோடு இரண்டு வாரம் சேர்த்து எடுப்பதாக இருந்தால், கிளம்புவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பு சுயகல்வி ஒப்பந்தம் தர முடியுமா என்று அலுவலகத்தில் கேளுங்கள். கொடுத்த பாடத்தை முடித்து ஒப்படைத்தால் அந்த நாட்கள் வருகையாகப் பதிவாகும். திரும்பிய மறுநாளே ஒப்படையுங்கள். தாமதமானால் அத்தனை நாளும் வராத நாளாக மாறிவிடும்.